கையொப்பம்

நாவல் எழுதிக் கழிந்த வருடங்களைத் திரும்பிப் பார்க்கும்போது, எழுத்து மேசை முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் அதில் பாதிகூடத் தேறாது என்று தெரிகிறது. மீதி நேரம் எங்கே போயிற்று என்று கணக்குப் பார்த்தால் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. பட்டறைகளில் புதிதாக எழுத வந்தவர்களின் கதைகளை வரி வரியாகப் படித்தது, கல்லூரிக் கருத்தரங்குகளுக்கு இரவுப் பேருந்தில் போய் வந்தது, மெய்ப்புத் திருத்தியது, பின்னட்டைக் குறிப்பு எழுதியது, வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் பேசியது, ஜனவரி மாதப் புத்தகக் காட்சியில் கால் கடுக்க நின்றது. வெகுகாலம் இவற்றையெல்லாம் எழுத்துக்கு வெளியேதான் வைத்திருந்தேன். எழுத்து ஒன்று, மற்ற வேலைகள் வேறு. மற்றவை எழுத்தின் நேரத்தைத் தின்பவை என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதே இத்தனை வருட அனுபவத்தில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. எழுதுவது, எழுதக் கற்றுக்கொடுப்பது, எழுதியதை வாசகர் கையில் சேர்ப்பது ஆகிய மூன்றும் தமிழ் நாவலாசிரியருக்கு ஒரே தொழில். தொழில் என்று ஒப்புக்கொண்டால் கூலியும் பேசியாக வேண்டும். மூன்றையும் பிரித்துப் பார்ப்பதால்தான் நம் சமூகம் முதல் வேலைக்கு ஏதோ கொஞ்சம் தந்துவிட்டு, மற்ற இரண்டையும் தொண்டு என்ற பெயரில் இலவசமாக வாங்கிக்கொள்கிறது.

தமிழ் நாவல் பிறந்ததே இன்னொரு வேலையின் நிழலில்தான். 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். அங்கிருந்து தொடங்கும் வரிசை நீளமானது. தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராகவும் பிறகு வானொலியிலும் வேலை பார்த்தார். லா.ச.ராமாமிர்தம் வங்கியில் இருந்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, ஆ. மாதவனுக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை. பூமணி கூட்டுறவுத் துறையில் பணியாற்றினார், இமையம் பள்ளியில் பாடம் நடத்தினார். எழுத்திலேயே நிற்கத் துணிந்தவர்களோ எழுத்தைச் சுற்றியுள்ள எல்லா வேலைகளையும் தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வை.மு. கோதைநாயகி 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். முறையான பள்ளிப்படிப்பு இல்லாமல் வளர்ந்த அந்தப் பெண், தம் நாவல்களை அந்த இதழில் தொடராக வெளியிட்டு, இதழையும் நடத்தி, மேடையேறிப் பேசி, 115 நாவல்களை எழுதினார். அவர் செய்தவற்றில் எது எழுத்து, எது எழுத்துக்கு வெளியே என்று கோடு கிழிக்க யாராலும் முடியாது. இதழ் நின்றிருந்தால் நாவலும் நின்றிருக்கும்.

கணக்கைச் சொல்லிவிட்டால் விஷயம் தெளிவாகும். ஒரு நாவலை எழுத மூன்று வருடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 பக்கப் புத்தகத்துக்கு விலை 500 ரூபாய். வழக்கமான ராயல்டி பத்து சதவீதம்; அதாவது பிரதிக்கு 50 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 50,000 ரூபாய். மூன்று வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 1,400 ரூபாய்க்கும் குறைவு. இந்த ஆயிரமும் ஒரே வருடத்தில் விற்றுவிடுவதில்லை. தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபிறகு, இருநூறு முந்நூறு பிரதிகளாக அச்சிட்டு, விற்க விற்கக் கணக்கு எழுதுவது சகஜமாகிவிட்டது. இதில் பதிப்பாளரைக் குற்றம் சொல்ல நான் முன்வர மாட்டேன். காகிதம், அச்சு, கடைக்காரருக்குத் தரும் கழிவு, கிடங்கு வாடகை எல்லாம் போகப் பல சிறு பதிப்பகங்களும் இதே நெருக்கடியில்தான் இருக்கின்றன. நான் சொல்ல வருவது, புத்தக விற்பனை என்ற ஒரே குழாயிலிருந்து நாவலாசிரியரின் வாழ்க்கைக்குத் தண்ணீர் வராது என்ற எளிய உண்மையை. ஆகவே அவர் செய்யும் மற்ற வேலைகளின் மதிப்பு எவ்வளவு என்ற கேள்வி, பக்கத்தில் வைத்துப் பேச வேண்டிய சில்லறை விஷயமாக இல்லாமல் நடுக்கேள்வியாகிவிடுகிறது.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு. வேறு வேலை பார்ப்பது நாவலாசிரியருக்கு நல்லதுதானே, அனுபவம் அங்கேதானே கிடைக்கிறது என்பார்கள். வலுவான மறுப்புதான். அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்திருக்காவிட்டால் ‘கரைந்த நிழல்கள்’ நமக்குக் கிடைத்திருக்காது. மாதவனின் கதைகளிலிருந்து சாலைக் கடைத்தெருவைப் பிரித்து எடுக்க முடியாது. ஆனால் இந்த வாதம் எழுதி நிலைத்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, பேனாவைத் தொட முடியாமல், முதல் நாவலோடு ஓய்ந்துபோனவர்களின் பட்டியல் எங்கும் இல்லை. வேலைக்கும் போய், வீட்டு வேலையும் செய்து, மிச்சமிருந்த நள்ளிரவில் எழுதப் பார்த்த பெண்களின் பட்டியலும் இல்லை. மேலும், அனுபவத்தைச் சம்பள வேலைதான் தரும் என்பதும் சரியில்லை. ராஜம் கிருஷ்ணன் படகர்களின் வாழ்க்கையை நீலகிரியில் நேரில் பார்த்து எழுதினார், உப்பளத் தொழிலாளர்களை எழுதத் தூத்துக்குடிக்குப் போனார். ‘குறிஞ்சித்தேன்’, ‘கரிப்பு மணிகள்’ இரண்டும் அப்படி நேரில் பார்த்ததில் விளைந்தவை. அப்படிப் பார்ப்பதும் நாவலாசிரியரின் வேலைதான், அதற்கும் நேரமும் பணமும் வேண்டும். அவரே முதுமையில் பிறர் ஆதரவில் வாழ நேர்ந்தது. 2009-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கி உதவித்தொகை வழங்கியது. உழைத்த காலத்தில் வரவேண்டிய கூலி, உழைக்க முடியாத காலத்தில் உதவியாக வந்தது.

இனி கற்பித்தலைப் பற்றி. எழுத்துப் பட்டறையில் என்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஊக்கமூட்டும் பேச்சு என்று நினைக்கிறார்கள். நடப்பது அதைவிட நுணுக்கமான வேலை. “அவன் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். அவளைப் பார்த்தான்.” எழுதப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாளில் எழுதும் வரிகள் இவை. மூன்று வினைமுற்றுகள்; ஒவ்வொன்றும் ஒரு கதவைச் சாத்துகிறது. “அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்தான்” என்று மாற்றினால் முதல் இரண்டு கதவுகளும் திறந்துகொள்கின்றன. வந்ததும் உட்கார்ந்ததும் அந்தப் பார்வைக்காகவே என்றாகிறது. “வந்து உட்கார்ந்தவன் அவளைப் பார்த்தான்” என்றால் வருகை பழைய செய்தியாகிப் பார்வை மட்டும் புதிதாக நிற்கிறது. நடந்தது மூன்றிலும் ஒன்றுதான், ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு காட்சிகள். எச்சத்துக்கும் முற்றுக்கும் இடையில் உள்ள இந்தத் தேர்வைத் தமிழில் எழுதுகிற ஒருவர் ஒரு நாளைக்கு நூறு முறை செய்தாக வேண்டும். இலக்கண வகுப்பில் எச்சமும் முற்றும் மனப்பாடப் பகுதி, பட்டறையில் அவை கதையின் மூச்சு. இதை ஒருமுறை கண்டுகொண்டவர் அதன்பிறகு எந்த நாவலையும் பழைய மாதிரிப் படிக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. “பண்ணையார் வந்தார், மாடசாமி வந்தான்” என்று ஒரு மாணவர் எழுதுகிறார். இருவருக்கும் வயது ஒன்றுதான். கதை மாடசாமியின் பக்கம் நிற்பதாகத்தான் எழுதியவர் நம்புகிறார். ஆனால் கதைசொல்லியின் வாயில் வந்து விழுந்த அந்த ‘ஆர்’ விகுதியும் ‘ஆன்’ விகுதியும் அவர் அறியாமலேயே பண்ணையாரின் பக்கம் சேர்ந்துவிட்டன. பாத்திரம் பேசும்போது ‘ஆர்’ போடலாம், அது அந்த ஊரின் உண்மை. கதைசொல்லி போடும்போது அது எழுதியவரின் முடிவு. இதைச் சுட்டிக்காட்டும்போது வகுப்பில் எழும் மௌனத்தை நான் மதிக்கிறேன். மொழி தனக்குள் எதைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று ஒருவர் உணரும் நேரம் அது. பட்டறைக்கு வரும் இருபது பேரில் தொடர்ந்து எழுதப்போகிறவர் ஒருவரோ இருவரோதான். மீதிப் பேர் நல்ல வாசகர்களாகிறார்கள். இதை நான் தோல்வியாகக் கருதியதில்லை. எழுதப் பழகி, எழுதாமல் விட்டவர்தான் ஒரு நாவலின் மிகக் கூர்மையான வாசகர். அந்த வரி அப்படி அமைவதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு அவருக்குத் தெரியும்.

எழுத்து தானாக வரவேண்டியது, கற்றுக்கொடுத்து வருமா என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டும் நடனமும் சிற்பமும் குருவிடம் உட்கார்ந்து கற்கவேண்டியவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எழுத்துக்கு மட்டும் அது பொருந்தாது என்பது எழுத்தை உயர்த்துவதுபோல் தோன்றினாலும், அதன் உழைப்பை மறைத்துவிடுகிறது. மேதைமையைக் கற்றுத்தர முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுருதி சேர்க்கக் கற்றுத்தரலாம், அபசுரத்தைக் காதுக்குக் காட்டித் தரலாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1936-இலேயே எழுத்துப் பட்டறையைத் தன் பாடத்திட்டத்தில் சேர்த்தது. அதைப் பின்பற்றி அங்கே பல பல்கலைக்கழகங்கள் நாவலாசிரியர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்துகின்றன. அதே அயோவாவில் நடக்கும் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு 1973-இல் போய்வந்த அசோகமித்திரன் அந்த மாதங்களிலிருந்து ‘ஒற்றன்’ நாவலை உருவாக்கினார். நம் பக்கத்திலும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பள்ளிப்படிப்பைத் தாண்டாத கரிசல் விவசாயி கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. அந்த முடிவால் பல்கலைக்கழகத்தின் தரம் குறையவில்லை. நாட்டுப்புறக் கதைகள் திரண்டன, மாணவர்கள் பயனடைந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் நம் தமிழ்த் துறைகளில் நாவலாசிரியருக்கென்று ஒரு நாற்காலி அபூர்வமாகவே இருக்கிறது.

கற்பிப்பது சொந்த எழுத்தின் சக்தியை உறிஞ்சிவிடாதா என்ற கேள்வியும் நியாயமானதே. உறிஞ்சும். பிறருடைய வாக்கியங்களை நாள் முழுக்கச் செப்பனிட்டவருக்கு மாலையில் தன் வாக்கியம் கேட்காது. அதனால்தான் அளவு வேண்டும் என்கிறேன். வருடத்தில் இத்தனை வகுப்பு, இத்தனை கையெழுத்துப் பிரதி, அதற்கு இன்ன தொகை என்று வரையறுத்தால் கற்பித்தல் எழுத்துக்கு உரமாகும். வரையறை இல்லாமல், ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று நானூறு பக்கம் வந்து விழுந்தால் அது எழுத்தைக் கொல்லும். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அது ஒரு வாரத்து வேலை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம், அதை வேலை என்று நாங்களும் இதுவரை சொல்லாததுதான்.

புத்தகத்தை வாசகரிடம் கொண்டுசெல்லும் வேலைக்குத் தமிழில் நீண்ட மரபு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புத்தகம் அச்சிட முயன்றவர்கள் முதலில் ‘கையொப்பம்’ வாங்கப் புறப்பட்டார்கள். புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று வாசகர் ஒப்புக்கொண்டு போடும் கையெழுத்து அது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் அப்படித்தான். ஊர் ஊராகக் கையொப்பக்காரர்களைத் தேடித்தான் அந்தப் புத்தகம் அச்சு ஏறியது. இன்று புத்தகக் காட்சியில் ஆசிரியர் வாசகருக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார், அன்று வாசகர் ஆசிரியருக்குப் போட்டுத் தந்தார். புத்தகம் என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம் என்பதை அந்தப் பழைய சொல் தெளிவாகச் சொல்கிறது. அந்த ஒப்பந்தத்தைத் தோளில் சுமந்தவர் சி.சு. செல்லப்பா. 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் நடத்தினார். வெளியிட்ட புத்தகங்களைத் தாமே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அங்கே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் புதுக்கவிதையைப் பற்றியும் விமர்சனத்தைப் பற்றியும் பேசினார். அவர் செய்தது விற்பனையா, கற்பித்தலா? இரண்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. ‘சுதந்திர தாகம்’ நாவலின் மூன்று பாகங்களையும் 1997-இல் தம் முதுமையில் தாமே வெளியிட்டார். மறு வருடம் காலமானார். அதற்கு சாகித்ய அகாதெமி விருது 2001-இல் வந்தது.

நல்ல நாவல் தன் வாசகரைத் தானே தேடிக்கொள்ளும், எழுத்தாளர் அதன் பின்னால் ஓடக் கூடாது என்பது அடுத்த மறுப்பு. இப்படிச் சொல்பவர்கள் ப. சிங்காரத்தை நினைக்க வேண்டும். மதுரையில் நாளிதழ் வேலை பார்த்துக்கொண்டு தனியாக வாழ்ந்த அவர் இரண்டே நாவல்கள் எழுதினார். ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் புத்தகமாயிற்று. தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்று என்று இன்று அதைச் சொல்லாதவர் இல்லை. வந்த காலத்தில் அதை எடுத்துச்சொல்ல ஆளில்லை. அவரும் சொல்லிக்கொண்டு போகும் இயல்புடையவர் இல்லை. அதன்பிறகு அவர் நாவல் எழுதவில்லை. அந்தப் புத்தகம் வாசகரைத் தேடிக்கொண்டது உண்மைதான், ஆனால் அது தேடி முடிப்பதற்குள் ஒரு நாவலாசிரியர் எழுதுவதையே நிறுத்திவிட்டிருந்தார். அவர் எழுதாமல் போன மூன்றாவது நாவல்தான் அந்த மௌனத்துக்கு நாம் கொடுத்த விலை.

எழுத்தாளர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வது எழுத்தைக் கெடுக்கும் என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. எது விற்கும் என்று பார்த்து எழுதத் தொடங்கினால் நாவல் அங்கேயே செத்துவிடும். ஆனால் புத்தகம் முடிந்தபிறகு அது எதைப் பற்றியது, யாருக்கானது என்று மனந்திறந்து சொல்வது வேறு. ஒரு வெளியீட்டு விழாவின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே இந்த வேறுபாடு விளங்கும். வரவேற்புரை, தலைமையுரை, முதல் பிரதி வெளியிடுபவர், பெற்றுக்கொள்பவர், வாழ்த்துரை நான்கைந்து, கடைசியில் நாவலாசிரியரின் ஏற்புரை, பிறகு நன்றியுரை. ஏற்புரை வரும்போது இரவு ஒன்பது மணி; கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் பாதிப் பேர் போயிருப்பார்கள். மேடையில் அந்த நாவலை முழுக்கப் படித்தவர் ஒருவர் இருந்தால் நல்ல விழா. இதற்குப் பதிலாகப் படித்த இரண்டு பேர், நாவலிலிருந்து பத்து நிமிட வாசிப்பு, வந்தவர்களின் கேள்விகள் என்று ஒரு மணி நேரத்தில் முடித்தால் நாற்பது பேர் வந்தாலும் போதும். அந்த நாற்பது பேரும் வீட்டுக்குப் போய்ப் படிப்பார்கள். அது விளம்பரம் ஆகாது, பாடம் நடத்துவதன் தொடர்ச்சி அது. 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்றுவரை வளர்ந்து வந்திருப்பதற்கும், புத்தகமும் அதை எழுதியவரும் வாசகரும் ஓர் இடத்தில் நேருக்கு நேர் நிற்க முடிவதே பெரிய காரணம்.

இப்போது கூலிக்கு வருகிறேன். அழைப்பிதழ் அடிக்க, அரங்கத்துக்கு, ஒலிபெருக்கிக்கு, சிற்றுண்டிக்கு, பொன்னாடைக்கு எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கப்படுகிறது. மைக் செட்காரரிடம் யாரும் தொண்டு கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. நாவலாசிரியரிடம் மட்டும் கேட்கிறோம், அவரும் சங்கடப்பட்டுச் சரி என்கிறார். சிறிய அமைப்புகளிடம் பணம் இல்லையே என்பார்கள். இல்லை என்பதை நான் அறிவேன். அத்தகைய நண்பர்களின் உழைப்பில்தான் தமிழில் இலக்கியமே நடக்கிறது, அவர்களுக்கு இலவசமாகப் போய்ப் பேச எந்த எழுத்தாளரும் தயங்க மாட்டார். என் கேள்வி பணம் உள்ள இடங்களுக்கானது. கட்டணம் வாங்கும் கல்லூரிகள், நிதி பெறும் கருத்தரங்குகள், அரசு விழாக்கள் இவற்றில் எழுத்தாளர் ஊதியம் ஒரு தனி வரியாக இருக்க வேண்டும். அரசு விருது தருகிறது. 2021-இல் அறிவித்த ‘கனவு இல்லம்’ திட்டத்தின்படி விருது பெற்றவர்களுக்கு வீடும் தருகிறது. இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் விருது என்பது சிலருக்குக் கடைசியில் கிடைக்கும் மரியாதை, ஊதியமோ எல்லோருக்கும் வேலை செய்த அன்றே சேர வேண்டியது. 1948-ஆம் வருடப் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நூலகம் வாங்கிய ஒரு பிரதியை ஐம்பது பேர் எடுத்துப் படித்தாலும் ஆசிரியருக்கு வருவது ஒரு பிரதியின் ராயல்டிதான். பிரிட்டன் 1979-இல் சட்டம் இயற்றி, நூலகத்திலிருந்து இரவல் எடுக்கப்படும் ஒவ்வொரு முறைக்கும் ஆசிரியருக்கு ஒரு சிறு தொகை தர ஏற்பாடு செய்தது. இந்தியாவிலேயே நூலகச் சட்டத்தில் முன்னோடியான தமிழ்நாடு இதிலும் முன்னோடியாக இருக்கலாம்.

வாசகர்களிடமும் அமைப்பாளர்களிடமும் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பழைய கையொப்பக்காரர்கள் புத்தகம் வருவதற்கு முன்பே கையெழுத்திட்டு, இதற்கு நான் பொறுப்பு என்றார்கள். அந்த வழக்கத்தை இன்றைய முறையில் மீட்டெடுப்போம். அடுத்த முறை ஒரு நாவலாசிரியரைப் பாடம் நடத்தவோ பேசவோ அழைக்கும்போது, அழைப்புக் கடிதத்தில் தேதி, இடம், நேரம் ஆகியவற்றோடு தொகையையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.